இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு வெளிநிகழ்ச்சி: முகாமா, நடையா, சைக்கிளா?

சாரணர் படை நடத்துகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கும்: "பருவத்துக்கு ஒரு பெரிய நிகழ்ச்சிக்குத்தான் தெம்பு இருக்கிறது, எதைச் செய்யலாம்?" பிள்ளைகளைக் கேட்டால் ஒரே பதில், முகாம். கூடாரம், இருட்டு, டார்ச், கேம்ப் ஃபயர். பெற்றோருக்குச் சாயங்காலத்துக்குள் பிள்ளை வீடு வந்து சேர்கிற எதுவும் சரி. ஆசிரியருக்கோ போன தடவை கிழிந்த கூடாரத்தை இன்னும் தைக்கவில்லையே என்ற கவலை.

பல வருடங்களாக இந்தத் தேர்வைச் செய்து வருகிறேன். சில தடவை சரியாக, சில தடவை நன்றாகவே தவறாக. அந்த அனுபவத்தை வைத்து பகல் நடை, கூடார முகாம், சைக்கிள், நீர்நிலை, படை வழக்கமாகக் கூடும் இடத்திலேயே ஒரு நாள் என்ற ஐந்து வழிகளையும் பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்க்கிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

"எந்தப் பருவத்துக்கு எது பொருத்தம்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்பேன். பாதியில் கெட்டுப்போனால் எப்படித் திரும்புவோம்? பத்து நிமிடத்தில் எல்லோரையும் கூரைக்குக் கீழே கொண்டுவர முடிகிற இடத்தில் மழை வெறும் தொந்தரவு. இரண்டு மணி நேரம் நடந்தால்தான் கூரை என்ற இடத்தில் அதே மழை ஆபத்து. திரும்பும் வழி குட்டையாக இருந்தால் எந்தப் பருவத்தையும் சமாளிக்கலாம். நீளமாக இருந்தால் நல்ல பருவத்திலும் வயிற்றில் புளி கரைக்கும்.

அடுத்தது பெரியவர்கள் கணக்கு. கிளம்பும்போது எத்தனை பேர் என்பது கணக்கில்லை. ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்கிய பிறகு மிச்சம் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. தனியாக ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் போகக்கூடாது என்பது சாரணர் இயக்கத்தில் பரவலாகக் கடைப்பிடிக்கும் நெறி. ஆகவே அடிபட்டவனோடு இரண்டு பேர் போனால், படையோடு குறைந்தது இரண்டு பேர் நிற்க வேண்டும். மொத்தம் நான்கு. மூன்று பேரை வைத்துக்கொண்டு "சமாளிக்கலாம்" என்பவர்கள், ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கையில் சொல்கிறார்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது? சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமில் சுமார் 20 பையன்கள் இருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். இன்றுவரை படை நிற்பது அந்த அணிமுறையின் மேல்தான். பெரியவர்கள் எல்லாம் செய்து, பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதற்குச் சுற்றுலா என்று பெயர்.

கடைசியாக, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் தின்னும் நாட்கள். மறைசெலவு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

## பகல் நடை

ஹைக் என்று எல்லோரும் சொல்வது. எளிது என்று நினைத்துத்தான் முதலில் இதைத் தேர்ந்தெடுப்பார்கள். பாதி உண்மை.

நேரக் கணக்கில்தான் முதல் தப்பு நடக்கும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரம். ஆனால் அது தெம்பான பெரியவர்கள் நிற்காமல் நடப்பதற்கு. 11, 12 வயதுப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துப் போகும்போது, ஷூ லேஸ், தண்ணீர், ஒதுங்குவது, "சார் ஒரு பல்லி பாருங்க" எல்லாம் சேர்த்து மணிக்கு 2.5 கிலோமீட்டர் என்று வைப்பேன். 10 கிலோமீட்டர் என்றால் 4 மணி நேரம். மெதுவாக நடக்கிறவனை முன்னால் விட்டுவிட வேண்டும். பின்னால் விட்டால், மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி முடித்ததும் இவன் வந்து சேர்வான், உடனே எல்லோரும் எழுந்து நடப்பார்கள். களைத்தவனுக்கு மட்டும் ஓய்வே இருக்காது.

திரும்பும் வழியில் இதன் பலவீனம் வழியின் நடுப்புள்ளி. வட்டமாகச் சுற்றி வரும் பாதையில் பாதி தூரம் போனபின் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம். அதனால் இப்போதெல்லாம் எட்டு வடிவத்தில் பாதை போடுகிறேன். முதல் வளையம் முடியும்போது கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவோம். களைத்தவர்கள், கொப்புளம் வந்தவர்கள் அங்கேயே நிற்கலாம், மற்றவர்கள் இரண்டாவது வளையம் போகலாம். யாருக்கும் தோற்றுவிட்ட மாதிரி இருக்காது.

வெயில் காலத்தில் நடையின் எல்லையைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 4, 5 கிலோவுக்கு மேல் பை கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்தாலே அதில் பாதி போச்சு. வழியில் நிரப்ப இடம் இல்லையென்றால் விடியலில் கிளம்பி வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும், இல்லை வேறு நிகழ்ச்சி பார்க்க வேண்டும். புழுக்கம் அதிகமான நாளில் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது; வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் கிளம்பக்கூடாது.

குளிர்காலம்தான் நடைக்கு நல்ல காலம் என்பேன். ஆனால் மலை ஏறுவதாக இருந்தால் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றடிக்கும் இடத்தில் உட்கார்ந்தால் உறைநிலைக்குப் பக்கமே போகாத குளிரிலும் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தால் போதும். பகல் குறுகலான நாட்களில், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக முடியும்படி திட்டம் போடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் எப்படியும் செலவாகிவிடும்.

நடையின் மறைசெலவு ஷூ. ஒரு தடவை மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பையனின் ஷூ முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்பக்கம் திறந்துகொண்டது. வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் அலமாரியிலிருந்து இறங்குகிற ஷூ, பசை காய்ந்து போயிருக்கிறது. அவன் அணித்தலைவன் இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்து, அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு தட்டை முடிச்சுப் போட்டான். ஆறு கிலோமீட்டர் தாங்கியது. முடிச்சு எதற்குச் சார் என்று அந்தப் படையில் அதற்குப்பின் யாரும் கேட்டதில்லை. அப்புறம், புது ஷூவும் இதே அளவுக்கு மோசம். வாங்கி இரண்டு வாரமாவது வீட்டைச் சுற்றி நடந்திருக்க வேண்டும்.

## ஓரிரவுக் கூடார முகாம்

பிள்ளைகள் கையில் வேலை என்ற அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலைவரை ஓர் அணி தன் குடித்தனத்தைத் தானே நடத்துகிறது. முளை அடிக்கிறது, அடுப்பு மூட்டுகிறது, அடிப்பிடித்ததைச் சாப்பிடுகிறது, அந்தப் பாத்திரத்தைத் தானே தேய்க்கிறது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தவன் அடுத்த முகாமில் அடுப்பை விட்டு நகர மாட்டான். அதை எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

திரும்பும் வழி என்ற அளவுகோலிலோ மிக மோசமானது இதுதான். இரவு பதினொரு மணி. கூடாரத்தின் ஜிப் மெதுவாகத் திறக்கும் சத்தம். ஒரு சின்னவன் வந்து நின்று "வயிறு வலிக்குது" என்பான். பெரும்பாலும் வயிறு காரணமில்லை, வீட்டு ஞாபகம். வெந்நீர் கொடுத்து, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் பாதி பேர் தூங்கப் போய்விடுவார்கள். மீதிப் பாதிக்காக ஒரு வண்டி, ஓட்டத் தெரிந்த, தூங்கிப் போகாத ஒருவர், இரவில் போனை எடுக்கும் பெற்றோர், இந்த மூன்றும் வேண்டும்.

இடி மின்னல் பருவத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். துணிக் கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. கட்டடம் வேண்டும், அல்லது உலோகக் கூரையுள்ள மூடிய வண்டி. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே மூன்று வினாடிக்கு சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது வினாடிக்குள் சத்தம் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபிறகுதான் வெளியே வரலாம். நடு இரவில் இருபது பிள்ளைகளை எழுப்பி இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே பள்ளிக் கட்டடமோ மண்டபமோ இருந்தால் முடியும். இல்லையென்றால் அந்தப் பருவத்தில் இந்த வழியை அடித்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் கூடாரம் காலை எட்டு மணிக்கே அடுப்பாகிவிடும். கிழக்குப் பக்கம் நிழல் தரும் மரம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போட்டால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் (காய்ந்த கிளைக்கு நேர் கீழே வேண்டாம்). குளிரில் போர்வையைவிட விரிப்பு முக்கியம். பிள்ளைகள் மேலே மூன்று போர்வை போட்டுக்கொண்டு கீழே வெறும் தரையில் படுப்பார்கள். சூட்டைத் தரைதான் உறிஞ்சுகிறது. குளிர் தாங்காமல் அடுப்பையோ கரி நெருப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகும் எண்ணம் யாருக்கும் வரவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

இப்போது மறைசெலவு. முகாமுக்கு முன் ஒரு தடவையாவது இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் முகாம் நடக்கும் அதே நேரத்தில். பகலில் அமைதியாக இருக்கிற மைதானம் இரவில் எப்படி இருக்கும் என்று பகலில் தெரியாது. தண்ணீர், கழிப்பிடம், அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பட்டியல். பெரியவர்களுக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது; மறுநாள் வண்டி ஓட்டுகிறவருக்காவது தூக்கம் ஒதுக்கியாக வேண்டும்.

அப்புறம் கூடாரம் காயவைப்பது. ஒரு மழைக்கால முகாம் முடிந்து, எல்லோருக்கும் அவசரம், ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்தோம். "நாளைக்கு விரித்துப் போடலாம்" என்றேன். அந்த நாளை ஐந்து வாரம் கழித்து வந்தது. பையைத் திறந்ததும் அடித்த பூஞ்சை நாற்றத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். துணியெல்லாம் கரும்புள்ளி, தேய்த்தாலும் போகவில்லை, தையலோரம் விட்டுப்போயிருந்தது. நான்கில் இரண்டைக் கழித்துக் கட்டினோம். குற்றம் மழையுடையது அல்ல, என்னுடையது. இப்போது ஈரக் கூடாரத்தை அணிக்கொரு வீடு என்று பிரித்துக் கொடுத்து, இரண்டு நாளில் காயவைத்து எடுத்துவரச் சொல்கிறேன்.

ஒரு இரவா, இரண்டு இரவா? முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்று. பழகிய அணிகளுக்கு நான் இரண்டு என்பேன். இரண்டு இரவுக்கு உழைப்பு இரண்டு மடங்காவதில்லை. சுமப்பதும் போடுவதும் பிரிப்பதும் ஒரே தடவைதான். மேலும் முதல் இரவு எவனும் தூங்க மாட்டான், இரண்டாவது இரவு ஒன்பது மணிக்கே குறட்டை கேட்கும்.

## சைக்கிள் பயணம்

12, 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது நல்ல நடுவழி. நடையைவிடத் தூரம் அதிகம், முகாமைவிடப் பாரம் குறைவு, இரவுத் தொல்லை இல்லை. சைக்கிள் ஏற்றக்கூடிய வண்டி ஒன்று பின்னால் வந்தால் திரும்பும் வழியும் சுலபம். அந்த வண்டி கிடைக்காவிட்டால் இந்த வழியே வேண்டாம்.

ஆறு ஆறு பேராகப் பிரித்து, இடையில் வாகனங்கள் தாண்டிப் போக இடைவெளி விட வேண்டும். தலைக்கவசம் இல்லாதவன் கிளம்பக்கூடாது. சைக்கிள் பரிசோதனையைக் கிளம்பும் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருப்பது அப்போது தெரிந்து என்ன பயன்? ஒரு வாரம் முன்னால் எல்லோரையும் சைக்கிளோடு வரச் சொல்லி, பஞ்சர் ஒட்டுவதையும் அன்றைக்கே பழக்கிவிடலாம்.

மழையில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் பிடிப்புக் குறைந்துவிடும், நிற்கும் தூரம் நீளும். வெயிலில் வேறு ஏமாற்று வேலை: ஓட்டும்போது காற்றுப்பட்டு வெப்பம் தெரியாது, நின்றதும் தலை சுற்றும். காற்று வீசும் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று பாதை அமைத்தால் களைத்த கால்கள் வாழ்த்தும்.

இதன் மறைசெலவைப் பலர் யோசிப்பதில்லை. சைக்கிள் இல்லாத பிள்ளை என்ன செய்வான்? "உடம்பு சரியில்லை" என்று வராமல் இருந்துவிடுவான், உங்களுக்குக் காரணம் தெரியாமலே போகும். அறிவிப்புச் செய்யும் முன்பே இரவல் சைக்கிள்களைத் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

## நீர்நிலையில் ஒரு நாள்

படகு, மிதவை, நீச்சல். நீரில் காப்பாற்றும் பயிற்சி பெற்றவர்கள் உங்களிடம் இருந்தால் வெயில் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். ஆள் இருந்தாலும் மூன்று விஷயம்: உயிர்காப்பு அங்கி பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மேலே எங்கோ பெய்த மழைக்கு, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும், வெயில் சுட்டாலும் ஆழத் தண்ணீர் சில்லென்றிருந்தால் திடீரென்று குதிக்கிறவனுக்கு மூச்சுத் திணறும்.

## கூடும் இடத்திலேயே ஒரு முழு நாள்

யாரும் முதலில் சொல்லாத வழி. "அதே மைதானமா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கழியும் கயிறும் கொடுத்து, ஆள் ஏறி நடக்கிற அளவுக்கு ஒரு தாழ்வான பாலம் கட்டச் சொல்லிப் பாருங்கள். மதியம் தாண்டியும் யாரும் மணி கேட்க மாட்டார்கள். காம்பஸ் வைத்து ஒளித்துவைத்ததைத் தேடுவது, தடம் பார்ப்பது, பாத்திரமில்லாமல் சமைப்பது என்று எல்லாவற்றுக்கும் இடமுண்டு. மழை வந்தால் உள்ளே ஓடலாம், யாருக்காவது முடியவில்லையென்றால் பத்து நிமிடத்தில் வீடு. 8, 9 வயதுக் குருளையருக்கு (சாரணர்களில் சின்னவர்கள்) எந்தப் பருவத்திலும் என் முதல் தேர்வு இதுதான்.

இதை இரவு ஒன்பது மணிவரை நீட்டினால் நான் "அரை முகாம்" என்று சொல்வது கிடைக்கும். கூடாரம் போட்டு, சமைத்து, தீ மூட்டிப் பாடி, நட்சத்திரம் பார்த்து, பிரித்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது. முகாமின் வேலையில் பெரும்பகுதியை இதில் பழகிவிடலாம், இருட்டுத் தொல்லை அதிகமில்லை. நட்சத்திரத்துக்காக அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள்.

மறைசெலவு என்றால் உங்கள் மூளை. புது இடம் தானாகவே பாதி வேலையைச் செய்துவிடும்; பழைய இடத்தில் எல்லாவற்றையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். வகுப்பு மாதிரி நடத்தினால் பதினோரு மணிக்கே கொட்டாவி.

## ஒரே பார்வையில்

| | திரும்பும் வழி | பெரியவர்கள் | மறைசெலவு | ஏற்ற நேரம் | தவிர்க்க வேண்டிய நேரம் |
|---|---|---|---|---|---|
| பகல் நடை | நடுவழியில் கடினம் | 4 | ஷூ, தண்ணீர்ச் சுமை | குளிரும் உலர்ந்த நாட்களும் | புழுக்கம், இடி |
| கூடார முகாம் | இரவில் மிகக் கடினம் | 4, வண்டியோடு | தூக்கம், அனுமதி, காயவைப்பது | மிதமான உலர் காலம் | கட்டடம் அருகில் இல்லாத இடிமழைக் காலம் |
| சைக்கிள் | வண்டி இருந்தால் எளிது | 4, கூட ஓட்டுநர் | பழுது, சைக்கிள் இல்லாதவர்கள் | உலர்ந்த, காற்று குறைந்த நாட்கள் | மழை, உச்சி வெயில் |
| நீர்நிலை | கரை அருகே என்றால் எளிது | பயிற்சி பெற்றவர்கள் | அங்கி, பயிற்சி | வெயில் காலம் | ஆற்றில் வெள்ளம், குளிர் |
| கூடும் இடத்தில் | பிரச்சினையே இல்லை | 2, 3 போதும் | திட்டமிடும் நேரம் | எப்போதும் | வெட்டவெளி என்றால் இடி நேரம் |

## அப்படியானால் எதை எடுப்பது?

படை புதிது, அணித்தலைவர்களுக்கே இது முதல் வருடம் என்றால் அரை முகாம். அதை இரண்டு தடவை ஒழுங்காகச் செய்த அணிகள் உலர்ந்த காலத்தில் கூடார முகாம் போகட்டும். நான்கு பெரியவர்கள் கிடைக்கவில்லை என்றால் பருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடும் இடம்தான், வருத்தப்பட வேண்டாம். வயது வித்தியாசம் அதிகமான படைக்கு எட்டு வடிவ நடை. பெரிய பிள்ளைகள் சலித்துப்போய் விலகத் தொடங்கியிருந்தால் சைக்கிள். பாதையையும் அவர்களையே போடச் சொல்லுங்கள். மழை நிற்கவே நிற்காத அக்டோபர் என்றால், உலகச் சாரணர்கள் வானொலியில் பேசிக்கொள்ளும் வார இறுதி ஒன்று பல வருடங்களாக அந்த மாதத்தில் நடந்துவருகிறது. உள்ளூரில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கலாம்.

எதை எடுத்தாலும் கூடவே ஒரு மாற்றையும் அறிவித்துவிடுங்கள். "மழை வந்தால் ரத்து" என்று எழுதாமல் "மழை வந்தால் இங்கேயே பாலம் கட்டுகிறோம்" என்று எழுதினால் யார் முகமும் வாடாது. போவதா வேண்டாமா என்ற முடிவை முந்தின நாள் மாலையே எடுத்தாக வேண்டும். காலையில் இருபத்தைந்து பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது வானம் கறுத்திருந்தால் "போகலாம்" என்றுதான் வாய் சொல்லும். நான் ஒரு தடவை அப்படிச் சொல்லி, நடுவழியில் இடி பிடித்துக்கொண்டு, கடைசி மூன்று கிலோமீட்டரைப் பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கடந்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று வீடு வந்து வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லைகளைத் தாளில் எழுதி அணித்தலைவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்: இடி முன்னறிவிப்பு இருந்தால் இல்லை, நான்கு பெரியவர்களுக்குக் குறைந்தால் இல்லை, வண்டி வரவில்லை என்றால் இல்லை. போன பருவத்தில் முகாமுக்கு முந்தின மாலை, ஒரு பெரியவர் வரமுடியாது என்று போன் செய்தார். மூன்று பேரை வைத்து எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். பதினான்கு வயது அணித்தலைவி ஒன்றும் பேசாமல் மடித்து வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தாள். மறுநாள் அரை முகாம் போட்டோம்.